திரியில் இல்லாத உப்பு

போன மாதம் ஒரு பிற்பகல், நான் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தபோது, எங்கள் பழைய வானிலை நிலையத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை தொலைபேசி எடுத்தாள். நான் ஓய்வு பெற்று வந்த பிறகு வேலைக்குச் சேர்ந்தவள். இப்போது அங்கே எல்லாம் தானியங்கிக் கருவிகள். ஒருவரும் எழுந்து வெளியே போய்ப் பார்க்கத் தேவையில்லை. கம்பத்தின் உச்சியில் இருக்கிற பெட்டி தானே அளந்து, தானே கொழும்புக்குச் சொல்லிவிடுகிறது. அவளுக்குக் கொடுத்திருக்கிற வேலை, எங்கள் காலத்துப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுவது.

ஒரு பக்கத்தில் இடறுகிறது என்றாள். ஆடி மாதத்தில், ஆங்கில மாதம் பிறந்த முதல் நாள், பிற்பகல் இரண்டரை மணி அவதானிப்பைச் சுற்றிச் சிவப்பு மையில் அடைப்புக்குறி போட்டிருக்கிறதாம். பக்கத்தில் என் கையெழுத்தில், திரியில் உப்பு என்று நினைத்தேன், உப்பில்லை, பிழை என்னுடையது என்று ஒரு குறிப்பு. கணினியும் அந்த எண்ணை ஏற்க மறுக்கிறதாம். அந்தக் கோடையில் காற்றில் அவ்வளவு ஈரம் இருக்க நியாயமில்லை என்கிறதாம். அழித்துவிடலாமா என்று கேட்டாள்.

அழிக்க வேண்டாம், எண் சரி, அடைப்புக்குறிதான் பிழை என்றேன். ஏன் என்று கேட்டாள். தொலைபேசியில் சொல்லி முடிக்கிற கதை இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன். முருங்கையிலை அன்றைக்குக் கறியாகவில்லை.

முப்பத்தொரு வருடம் வானம் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்கினவள் நான். வேலை கிடைத்த புதிதில் எங்கள் அண்ணை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார், உவள் மேகம் எண்ணப் போகிறாள் என்று. அவர் பகிடியாகச் சொன்னது உண்மைதான். கொழும்பில் ஆறு மாதப் பயிற்சியில் முதலில் சொல்லித் தந்ததே அதுதான். வானத்தை எட்டுப் பங்காக மனதுக்குள் பிரித்து, எத்தனை பங்கை மேகம் மூடியிருக்கிறது என்று சொல்லவேண்டும். பயிற்சியில் வேறு எத்தனையோ படித்தேன், பாதி மறந்துவிட்டது. விடுதிக் கறியில் உறைப்பே இல்லை என்பது மட்டும் இன்னும் மறக்கவில்லை.

எங்கள் நிலையம் கரவெட்டியிலிருந்து தெற்கே, தோட்டங்கள் முடிந்து, பனைகள் ஐதாகி, தரவை என்கிற வெட்டவெளி தொடங்குகிற இடத்தில் இருந்தது. இரண்டு அறை உள்ள ஒரு சின்னக் கட்டடம். முன்னால் கம்பி வேலி அடைத்த புற்தரை. அதற்குள் நாலு காலில் நிற்கிற வெள்ளைப் பலகைக் கூண்டு, தரையில் பதித்த மழைமானி, உயரத்தில் காற்றுத் திசைகாட்டி. அப்பால் ஒன்றுமில்லை. தரவையும் அதற்கப்பால் கடல்நீரேரியும்தான். மாரியில் ஏரி வேலிக்குக் கிட்ட வந்து நிற்கும். ஆனியில் பின்வாங்கத் தொடங்கும். ஆடியில் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று மிச்சத் தண்ணீரையும் குடித்துவிட, ஏரியின் தரை வெள்ளையாய்க் கிடக்கும். அந்த வெள்ளையும் வெயிலில் வெளுத்த வானமும் எந்த இடத்தில் ஒட்டியிருக்கின்றன என்று எத்தனையோ நாள் தேடியிருக்கிறேன். தூரத்தில் நடந்து போகிறவர்கள் தரையில் போகிறார்களா வானத்தில் போகிறார்களா என்று தெரியாது. அதைப் பார்த்துக்கொண்டு நின்று அவதானிப்பு நேரத்தைத் தவறவிடப் பார்த்த நாட்களும் உண்டு.

அப்படித் தவறவிடாமல் காப்பாற்றியவர் எங்கள் பொறுப்பதிகாரி கந்தவனம் சேர். மெலிந்த, உயர்ந்த மனிதர். கோபம் வந்தாலும் குரல் உயராது. ஆனால் நேரம் இரண்டு நிமிடம் பிந்தினால் வாசலில் வந்து நின்று, மணிக்கூட்டைப் பார்க்காமல், என்னைப் பார்ப்பார். அது போதும்.

காலை எட்டரைக்கு மழைமானி பார்ப்பதை அவர் ஒரு பூசை மாதிரித்தான் செய்வார். மாரி என்றில்லை, ஆறு மாதமாக ஒரு சொட்டு விழாத கோடையிலும் அதே முறைதான். ஒரு சாக்கை மடித்துப் புல்லில் போட்டு முழங்காலில் இருப்பார். மழைமானியின் வாயைத் துணியால் சுற்றித் துடைப்பார். உள்ளேயுள்ள போத்தலை எடுத்து அளவுச்சாடியில் கவிழ்ப்பார். ஒன்றும் விழாது. விழாத தண்ணீரையும் அரை நிமிடம் காத்திருந்து பார்ப்பார். சாடியைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, இடது கண்ணை மூடி வாசிப்பார். பிறகு சாடியை என்னிடம் தருவார். நானும் முழங்காலில் இருந்து வாசிக்கவேண்டும். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் தனித்தனிக் கடதாசியில் எழுதிக்கொண்டு உள்ளே போய், கடதாசிகளை மேசையில் வைத்து ஒப்பிடவேண்டும். இரண்டிலும் பூச்சியம் இருக்கும். அதன் பிறகுதான் பதிவேடு திறக்கும். எனக்குச் சில நாள் சிரிப்பு வரும். அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை.

அவரிடம் இன்னொரு பிடிவாதம் இருந்தது. நாளைக்கு மழை வருமா என்று கேட்டால் வாய் திறக்கமாட்டார். எதிர்வுகூறல் கொழும்பிலிருந்துதான் வரவேண்டும், எங்களைப் போன்ற நிலையங்கள் அளந்து எழுதுவதோடு சரி என்பது சட்டம். மற்ற நிலையங்களில் அந்தச் சட்டத்தைப் பார்த்தும் பாராமலும் இருந்தார்கள். இவரிடம் அது நடக்காது. நெல்லியடியிலிருந்து ஒருவர் தன் மகளின் கலியாணத் திகதியைச் சொல்லி, அன்றைக்கு மழை வருமா, பந்தலுக்குத் தகரம் போடவேண்டுமா என்று கேட்டு வந்தார். சேர் அலுமாரியைத் திறந்து, பழைய பதிவேடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அந்தத் திகதியில் எந்தெந்த வருடம் எவ்வளவு மழை பெய்தது என்று ஒரு தாளில் அழகாக எழுதிக் கொடுத்தார். அந்த மனிதர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்ப தகரம் போடவோ விடவோ என்று கேட்டார். சேர் சொன்னது எனக்கு இப்போதும் காதில் கேட்கிறது.

"நாங்கள் வந்ததை எழுதிற ஆக்கள். வாறதைச் சொல்லுறது எங்கடை வேலை இல்லை."

ஊருக்கு இதெல்லாம் விளங்காது. அவர்களுக்கு நாங்கள் மழைக் கந்தோர், அதாவது மழை அலுவலகம். மழைக் கந்தோருக்கு மழை எப்போது வரும் என்று தெரியாதா என்பது அவர்கள் கேள்வி. அவரிடம் கேட்டால் பதில் வராது என்று தெரிந்த பிறகு, என்னிடம் கேட்கத் தொடங்கினார்கள். நான் வாய் இளகினவள். வெங்காயம் கிண்டிக் காயப்போட்டவர்களுக்கும், புகையிலை கட்டினவர்களுக்கும், வேலிக்கு வெளியே நின்று மெதுவாக ஏதாவது சொல்லிவிடுவேன். கோடையில் சொன்னது பிழையாக வழியில்லை. வராது என்று சொன்னால் வராதுதான். அப்படியே எனக்கு ஒரு பெயரும் வந்துவிட்டது.

இனித் திரியைப் பற்றிச் சொல்லவேண்டும். வெள்ளைக் கூண்டுக்குள் இரண்டு வெப்பமானிகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். ஒன்று சாதாரணமானது. மற்றதன் குமிழைச் சுற்றி மெல்லிய துணித்திரி கட்டி, திரியின் வாலைத் தண்ணீரில் விட்டிருக்கும். காற்று உலர்ந்திருந்தால் திரியிலுள்ள தண்ணீர் விரைவாக ஆவியாகி, அந்த வெப்பமானி குளிர்ந்து கீழே இறங்கும். இரண்டுக்கும் வித்தியாசம் கூட என்றால் காற்று காய்ந்திருக்கிறது. வித்தியாசம் குறைந்தால் காற்றில் ஈரம் ஏறியிருக்கிறது. அவ்வளவுதான்.

எங்கள் தொல்லை என்னவென்றால் தண்ணீர். திரிக்கு மழைத்தண்ணீர்தான் விடவேண்டும். மாரியில் போத்தல் போத்தலாகப் பிடித்து அலுமாரியில் அடுக்கி வைப்போம். ஆனி கழிய அது அநேகமாக முடிந்துவிடும். பிறகு கிணற்றுத் தண்ணீர்தான், அதுவோ உவர். போதாததற்கு ஏரித்தரையிலிருந்து சோளகம் உப்புத்தூளை அள்ளிக்கொண்டு வந்து கூண்டுக்குள் போடும். நாலைந்து நாளில் திரியில் உப்புப் பூத்துவிடும். உப்புப் பூத்த திரியிலிருந்து தண்ணீர் சரியாக ஆவியாகாது. வித்தியாசம் குறையும். காற்றில் ஈரம் இருக்கிறது என்று வெப்பமானி பொய் சொல்லும். வேறு ஊரில் வேலை செய்தவர்களுக்கு இது தெரியாது. ஏரிக்கரையில் இருந்த எங்களுக்கு இது கைவந்த விசயம். கோடையில் வித்தியாசம் குறைந்தால் நாங்கள் வானத்தைப் பார்ப்பதில்லை, திரியைத்தான் பார்ப்போம். சோப்புப்போட்டுக் கை கழுவி, புதுத் துணி வெட்டி, அவித்துக் காயவைத்து, நூலால் கட்டி, கால்மணி நேரம் விட்டு மறுபடி வாசிப்போம். திரி மாற்றினால் அதைப் பதிவேட்டின் குறிப்புப் பகுதியில் எழுதவேண்டும். அடுத்த முறைக்கு வருகிறவர் வேலை தொடங்குமுன் முந்தின நாள் குறிப்பை வாசிக்கவேண்டும். இதுவும் சேரின் சட்டம்.

எங்கள் நிலையத்திலிருந்து ஒரு மைல் கிழக்கே, ஏரியோரம், பூவரசங்கரை என்று ஒரு சின்னக் குடியிருப்பு. எல்லாரும் வேதக்காரர், கிறிஸ்தவர்கள், ஏரியில் இறால் பிடிக்கிற குடும்பங்கள். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து வீடு கட்டியவர்கள். கோடையில் ஏரி வற்றினால் ஆண்கள் வேறு கரைக்குத் தொழிலுக்குப் போய்விடுவார்கள். பெண்கள் ஏரித்தரையில் தானாக விளைகிற உப்பை அள்ளுவார்கள். அந்த வருடம் ஜெசிந்தா என்ற பெண் பதினொரு பெண்களைச் சேர்த்து, அந்த உப்புத்தரையைத் தங்களுக்கு எழுதித் தரும்படி கேட்டிருந்தாள். அதே தரையை இறால் பண்ணை போட வேறொருவரும் கேட்டிருந்தார். அதனால் காணி உத்தியோகத்தர் ஒரு முடிவு சொன்னார். இந்த ஒரு போகம் அள்ளிக் காட்டுங்கள், குறித்த திங்கட்கிழமை நான் வந்து பார்க்கும்போது உப்புக் கும்பியாகக் குவிந்திருந்தால் தரை உங்களுக்கு, இல்லாவிட்டால் மற்றவருக்கு என்று.

ஜெசிந்தாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். புருசன் நோயாளி, தொழிலுக்குப் போவதில்லை. அவள் அந்தத் தரைக்காகக் கந்தோர் படி ஏறி இறங்கின கதையைப் போகிற வழியில் நின்று எனக்குச் சொல்லுவாள். அழமாட்டாள், சிரித்துச் சிரித்துச் சொல்லுவாள். அந்தத் தரை பண்ணைக்குப் போனால் சுற்றி வேலி அடைப்பார்கள். வேலி அடைத்தால் இவர்கள் கோடைக்கு எங்கே போவது? அவளுக்கு வேறு வழி இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்த முதலாம் திகதி வெள்ளிக்கிழமை. பிற்பகல் இரண்டரைக்கு நான் கூண்டைத் திறந்தேன். வித்தியாசம் நன்றாகக் குறைந்திருந்தது. வேலிக்கு வெளியே ஜெசிந்தா நின்றாள். கையில் ஒரு பிடி உப்பு. பரல் இன்னும் சின்னது, இப்போது அள்ளினால் சேறும் சேர்ந்து வரும், கறுத்துப்போகும், ஞாயிறுவரை விட்டால் தடித்து வெள்ளையாய் வரும் என்றாள். ஞாயிறு அள்ளிக் கும்பி வைத்து, தென்னோலைக் கிடுகு போட்டு மூடிவிட்டால் திங்கள் காட்ட அழகாக இருக்கும். ஆனால் இன்றைக்கு உப்பில் ஒரு ஈரம் தெரிகிறது. இதைச் சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள்.

"தொட்டுப் பாருங்கோ அக்கா, உப்புக் கசியுது. மழை கிழை வருமோ?"

தொட்டுப் பார்த்தேன். கசியத்தான் செய்தது. சோளகமும் அன்று காலையிலிருந்து படுத்துவிட்டது. வெப்பமானி ஈரம் என்றது, உப்பு ஈரம் என்றது, காற்று நின்றுவிட்டது. மூன்று பேர் வந்து சாட்சி சொல்கிறார்கள். ஆனால் நான் கெட்டிக்காரியல்லவா? வெப்பமானி சொல்வது திரியின் உப்பால் வந்த பொய் என்று எனக்குத் தெரியும். அவள் கையிலிருப்பது ஏரித்தரையின் ஈரம். காற்று ஆடியில் ஒருநாள் இரண்டு நாள் படுப்பது புதினமில்லை. திரியை மாற்ற அரை மணி நேரம் பிடிக்கும், வெயில் மண்டையைப் பிளந்தது.

"வராது பிள்ளை. இது ஏரித்தரையின்ரை ஈரம். ஞாயிறு மட்டுக்கும் விடுங்கோ, பரல் நல்லாத் தடிக்கும்" என்றேன்.

அவள் சந்தோசமாகப் போனாள். நான் உள்ளே வந்து எண்ணை எழுதி, சிவப்பு மையில் அடைப்புக்குறி போட்டு, பக்கத்தில் திரியில் உப்பு என்று எழுதினேன். மாதம் பிறந்த நாளாதலால் புதுப் பக்கம். மை காயும்வரை ஊதிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை வித்தியாசம் இன்னும் குறைந்திருந்தது. உப்புக் கூடிவிட்டது, திங்கட்கிழமை திரி மாற்றவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

பகல் பன்னிரண்டு மணிபோல நான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்போது அறை இருண்டது. வெளியே வந்து பார்த்தேன். தென்மேற்கில் வானம் கருநீலமாகி, அதற்குக் கீழே ஒரு வெள்ளைத் திரை ஏரியின் குறுக்கே நடந்து வந்தது. சத்தம் முதலில் வரவில்லை. மணம்தான் வந்தது. நாலு மாதம் காய்ந்து கிடந்த மண்ணில் முதல் துளி விழுகிற மணம். உண்மையைச் சொல்லவேண்டும். அந்த ஒரு கணம் எனக்கு வேறு ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. செருப்பில்லாமல் புற்தரையில் இறங்கி முகத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். நெற்றியில் பெரிய துளி ஒன்று விழுந்தது. இவ்வளவு காலம் மழை பார்த்தும், ஆடியில் மழை என்பது கனவில் வருகிறது மாதிரித்தான் இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. பிறகுதான் உப்பு என்ற சொல் எனக்குள் வந்தது.

சைக்கிளை எடுத்தேன். பூவரசங்கரைக்குப் போகும்போது முன்னால் பாதை தெரியாத மழை. பெண்கள் எல்லாரும் ஏரித்தரையில் முழங்காலில் இருந்தார்கள். சிரட்டையால் வழித்தார்கள், கையால் வழித்தார்கள். ஒருத்தி சேலைத் தலைப்பில் அள்ளிக் கட்டிக்கொண்டு ஓடினாள். கரைக்கு வந்து அவிழ்த்தபோது அதற்குள் ஒரு சிரட்டை உப்புக்கூட இல்லை. நானும் இறங்கி வழித்தேன். கைநிறைய அள்ளி எழும்பும்போது விரலிடுக்கால் வழிந்துபோனது. நெல்லு நனைந்தால் முளைத்தாவது கிடக்கும், வெங்காயம் நனைந்தால் அழுகியாவது கிடக்கும். உப்புக்கு அதுவும் இல்லை. ஒரு மணி நேரத்தில் மழை விட்டுவிட்டது. ஏரித்தரை முழுக்கக் கணுக்கால் தண்ணீர். அதில் நீல வானம் தெரிந்தது. இப்படி அழகாயிருக்கவேண்டாமே என்று எனக்குக் கோபம் வந்தது.

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். தண்ணீருக்குள்ளேயே இருந்துகொண்டு, சிரட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

நிலையத்துக்குத் திரும்பினபோது சேர் வந்திருந்தார். விடுமுறை நாள், மழையைக் கண்டு வீட்டிலிருந்து வந்துவிட்டார். இரண்டரை மணி அவதானிப்பு நேரம் தாண்டிப் போயிருந்தது. அவரே பார்த்து எழுதியிருந்தார். வாசலில் நின்று என்னைப் பார்த்தார். நனைந்த சேலையோடு நான் முதலில் சொன்னது திரியைப் பற்றித்தான். திரியில் உப்புப் பிடித்து வெப்பமானி பொய் காட்டிவிட்டது சேர் என்றேன். அவர் பதிவேட்டை என் முன்னால் வைத்து, ஒரு பக்கம் பின்னால் திருப்பினார். வியாழக்கிழமை, மாதத்தின் கடைசி நாள், பக்கத்தின் அடியில், அவரது சின்ன எழுத்தில், மாலை ஐந்தரைக்குத் திரி மாற்றப்பட்டது, கடைசி மழைத்தண்ணீர் விடப்பட்டது என்று இருந்தது.

புதுத் திரி. நல்ல தண்ணீர். அதில் உப்பே இல்லை. வெப்பமானி சொன்னது முழு உண்மை. மாதம் பிறந்துவிட்டது, புதுப் பக்கம் என்று நான் பழைய பக்கத்தைத் திருப்பவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

மறுநாள் காலை எட்டரைக்கு இருவரும் சாக்கில் முழங்காலில் இருந்து அளந்தோம். இரண்டு கடதாசியிலும் ஒரே எண். அந்த நேரம் ஜெசிந்தா வேலிப் படலையில் வந்து நின்றாள். நாளைக்குக் காணி உத்தியோகத்தர் வருகிறார், ஒரு பரல் உப்பில்லை. பண்ணைக்காரர் இவர்கள் சும்மா இருந்துவிட்டு மழையில் பழி போடுகிறார்கள் என்று சொல்லத் தொடங்கிவிட்டாராம். மழை பெய்தது என்று ஒரு கடிதம் தரமுடியுமா என்று சேரைக் கேட்டாள். தரலாம், வந்த மழையை எழுதித் தருவது எங்கள் கடமை என்று அவர் உள்ளே போனார். நான் அவளோடு தனியே நின்றேன். நான் சொல்லித்தான் அவர்கள் காத்திருந்தார்கள் என்பதையும் உத்தியோகத்தரிடம் சொல் என்றேன். அவள் மறுத்துத் தலையை ஆட்டினாள்.

"உங்கடை பேரை நான் எடுக்கமாட்டன் அக்கா. உங்களுக்கு வேலை போனால், பிறகு எங்களுக்கு ஆர் மழை சொல்லுறது?"

அவள் குத்திச் சொல்லவில்லை, மனதாரச் சொன்னாள். அதுதான் என்னைத் தாங்க முடியாமல் செய்தது. நான் உள்ளே போய்ச் சேரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டதையும், உப்பைத் தொட்டுப் பார்த்ததையும், நான் வராது என்றதையும். அவர் பேனாவை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். அடைப்புக்குறிக்குப் பக்கத்தில் நான் எழுதியிருந்ததைத் திருத்தி, இதன் தொடக்கத்தில் சொன்ன அந்தக் குறிப்பை எழுதினேன்.

கடிதத்தில் மழையின் அளவுதான் இருந்தது. ஏன் உப்பை முதலே அள்ளவில்லை என்று கேட்டால் அதற்கு அந்தக் கடிதத்தில் பதில் இல்லை. நான் அதைச் சொன்னேன்.

"அதையும் எழுதினால் விசாரணை வரும், பிள்ளை" என்றார் சேர்.

"வரட்டும் சேர். நடந்தது அதுதானே."

அவர் பேனாவைத் திறந்து இரண்டாவது பந்தி எழுதினார். இக்குழுவினர் வெள்ளிக்கிழமை எமது நிலையத்தில் விசாரித்ததாகவும், மழை வராது என எமது நிலையம் கூறியதாலேயே உப்பை அள்ளாமல் காத்திருந்ததாகவும் எழுதிக் கையெழுத்து வைத்தார். சொன்னது நிலையமில்லை, நான், என் பெயரைப் போடுங்கள் என்றேன்.

"நிலையத்துக்கு வாய் ஒண்டுதான்" என்றார்.

திங்கட்கிழமை காணி உத்தியோகத்தர் காற்சட்டையை மடித்துவிட்டு ஏரித்தண்ணீருக்குள் நின்று அந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாராம். இவர்களுக்கு இன்னொரு போகம் தருகிறேன், அடுத்த வருடம் பார்ப்போம் என்றாராம். கடிதம் தன்னுடைய வழியில் மேலே மேலே போனது. மூன்று மாதம் கழித்துச் சேரைக் கொழும்புக்குக் கூப்பிட்டார்கள். அவர் போய் வந்தார். பிறகு வந்த தபாலை நான்தான் பிரித்தேன். அனுமதியின்றி எதிர்வுகூறல் வழங்கியமைக்காக அவருடைய தனிப்பட்ட கோப்பில் கண்டனம் பதியப்பட்டிருந்தது. கலியாணப் பந்தலுக்குத் தகரம் போடுவதா என்றுகூடச் சொல்லாத மனிதர். நான் அன்று கூண்டுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். எனக்கு ஒரு வரிகூட எழுதப்படவில்லை.

அடுத்த வருடம் ஆடி வந்தது. ஏரி வற்றி வெளுத்தது. அந்த மாத முடிவோடு சேர் ஓய்வு. மறுபடி உத்தியோகத்தர் வரும் நாள் குறித்தாகிவிட்டது. இது கடைசித் தரம், இதற்கு மேல் இன்னொரு போகம் கிடையாது என்று சொல்லியிருந்தார். அதற்கு நாலு நாள் முந்தி, பிற்பகல் இரண்டரைக்கு, ஜெசிந்தா வந்து வேலிக்கு வெளியே நின்றாள். பின்னால் இரண்டு பெண்கள். பரல் தடிக்க இன்னும் மூன்று நாள் வேண்டும். இன்றைக்கே அள்ளுவதா, விடுவதா?

என்னைத்தான் கேட்டாள். போன வருடம் பிழையாகச் சொன்ன என்னை. நான் புதுத் திரி கட்டி, நாலு நாள் பக்கத்தைத் திருப்பி வாசித்து, இரண்டு தரம் வெப்பமானி பார்த்திருந்தேன். வித்தியாசம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, நடுவில் நின்றது. காற்று மெல்ல அடித்தது. மேற்கே வெளுத்த மேகம் எட்டில் இரண்டு பங்கு. அதை வைத்து ஒருவரும் ஒன்றும் சொல்லமுடியாது. வரும் என்றாலும் வராது என்றாலும் அவளுடைய தரை போகலாம். மூன்றாம் தரமும் கூண்டைத் திறந்து பார்த்தேன்.

உள்ளே கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. சேர் வெளியே வந்தார். வேலியடிக்குப் போய், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, தெற்கையும் மேற்கையும் நெடுநேரம் பார்த்தார். அவர் இப்படி வானத்தைப் பார்த்து நான் கண்டதில்லை. அளக்கத்தான் பார்ப்பார், அன்று வெறுமனே பார்த்தார்.

"இண்டைக்கே அள்ளுங்கோ. மழை வரும்" என்றார்.

பெண்கள் ஓடினார்கள். நான் "சேர்" என்று மட்டும் சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று இருந்தது.

"நான் மழை சொன்னனான் எண்டு என்ரை கோப்பிலை எழுதிக் கிடக்கு, பிள்ளை. ஒருக்காலும் சொல்லாமல் பென்சனிலை போனால் அது பொய்ப் பதிவெல்லோ."

அன்று பின்னேரம் பதினொரு பெண்களும் அள்ளினார்கள். இருள முன் ஏழு கும்பி, கிடுகு போட்டு மூடியாகிவிட்டது. மழை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஐப்பசி வரைக்கும் ஒரு துளி விழவில்லை. உப்பு சேறு கலந்து சாம்பல் நிறமாய் இருந்தது. உத்தியோகத்தர் கிடுகைத் தூக்கிப் பார்த்து, நிறம் போதாது, ஆனால் உப்பு உப்புத்தான் என்று தரையை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார்.

கடைசி நாள் வேலை முடிந்ததும் சேர் பூவரசங்கரைக்குப் போகவேண்டும் என்றார். நானும் போனேன். ஜெசிந்தா கும்பியடியில் நின்று சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தாள். தன்னால்தான் உப்புக் கறுத்தது, இன்னும் மூன்று நாள் விட்டிருந்தால் வெள்ளையாய் வந்திருக்கும், தான் பிழையாய்ச் சொல்லிவிட்டதாக அவர் அவளிடம் சொன்னார். எழுதிக் கொடுத்தது போல ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அவள் சாக்கை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"மழை வராட்டில் என்ன சேர். எங்களுக்காண்டி நீங்களும் ஒருக்காப் பயந்தியள். அது போதும்."

சேர் குனிந்து அந்தச் சாம்பல் நிற உப்பில் ஒரு பரலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, சைக்கிளை உருட்டியபடி வீட்டுக்குப் போனார்.